சேற்றில் இறங்கும் முன் ஸ்டெல்லாவுக்கு

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் வந்தது. பக்கம் பக்கமாக மாமியார் கதை எழுதிவிட்டு, கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறாய்: "அந்தச் சேற்று ஓட்டத்துக்கு நானும் வரட்டுமா? இந்த வயசில் முடியுமா?" மாமியார் விஷயத்தை நேரில் பேசலாம், எழுத்தில் வேண்டாம். ஓட்டத்துக்கு வா. பள்ளிக் கபடியில் நீ பிடித்த காலை எவளும் உருவிக்கொண்டு போனதில்லை. இந்தப் பந்தயத்துக்கு வேண்டியது அந்தக் கைதான்.

நீ நினைக்கிற மாதிரி இது ஓட்டப்பந்தயம் இல்லை. தூரம் 5 கிலோமீட்டர். அதை நீ நடந்தே முடித்துவிடுவாய். நடுவில்தான் வேலை. ஆளுயரச் சுவர், வலை, கயிறு, கைகளால் தொங்கிக்கொண்டே கடக்கிற கம்பி, முள்கம்பிக்குக் கீழே சேற்றில் ஊர்வது, கடைசியில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி. பெரும்பாலும் ராணுவப் பயிற்சியிலிருந்து எடுத்ததுதான். 1987ல் இங்கிலாந்தில் 'டஃப் கை' என்று ஆரம்பித்தார்கள். 2010ல் அமெரிக்காவில் 'டஃப் மட்டர்', 'ஸ்பார்ட்டன்' இரண்டும் வந்தபிறகு ஊர் ஊராகப் பரவிவிட்டது. ஐஸ் தொட்டி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் திறமைக்கு என்ன வேலை? போட்டோவுக்காக வைத்தது.

அம்மாவிடம் சொன்னதும், "காசு கட்டியா சேற்றில் விழப் போறீங்க?" என்றாள். 2015 வெள்ளத்திலும், மறுபடி மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் வந்த சேற்றை முறத்தால் வாரிக் கொட்டியவள். கேட்க உரிமை இருக்கிறது. எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் வேறு, "மழைக்காலத்தில் வியாசர்பாடிப் பிள்ளைகள் ஸ்கூலுக்கு வருவதே தடை ஓட்டம்தானே" என்கிறார். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. பந்தயத்தில் முடிவுக்கோடு உண்டு, ஆம்புலன்ஸ் நிற்கும், முடியாவிட்டால் தடையைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். வெள்ளத்தில் அப்படி எந்த வழியும் கிடையாது.

அண்ணன் மகள் திவ்யாவும் நம் அணியில் இருக்கிறாள். பயிற்சிக்கு எண்ணூர்ப் பக்கம் போய்ச் சேற்றில் புரளலாம் என்றாள். கூடவே கூடாது என்றுவிட்டேன். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வருஷக்கணக்காகப் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கலந்து, மீனவர்கள் அதை வாளியால் மொண்டு எடுத்த இடம் அது. பொழுதுபோக்குக்காக அதில் போய்ப் புரள்வதா?

அப்புறம் யோசித்தால், சேற்றுக்குப் பழகச் சேறே தேவையில்லை. சேறு செய்கிற காரியம் மூன்றுதான்: காலைப் பிடித்து இழுக்கும், கையை வழுக்க வைக்கும், உடுப்பைக் கனமாக்கும். இந்த மூன்றையும் சுத்தமான இடத்திலேயே பழகிக்கொள்ளலாம்.

காலுக்கு மணல். நாங்கள் விடியற்காலையில் காசிமேடு என்-4 பீச்சுக்குப் போகிறோம். ராயபுரத்திலிருந்து வடக்கே போகப் போகக் கரையில் கருங்கல்தான் அதிகம். துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே மண் சேருகிறது, வடக்கே கடல் அரிக்கிறது. மெரினா அவ்வளவு அகலமாக இருக்கிறதே, அதில் பாதி மணல் நமக்கு வர வேண்டியது என்று நான் சண்டை போடுவேன். சரி, கிடைத்த மணலில் ஓடுகிறோம். நீ கோவையில் மணலுக்கு எங்கே போவாய்? உழுது போட்ட நிலம் ஏதாவது இருந்தால் அதில் ஓடு, இல்லையென்றால் மாடிப்படி ஏறி இறங்கு. காலை நீட்டி எட்டி வைக்காதே. சின்னச் சின்ன அடியாக, முழங்காலைத் தூக்கி வை. பந்தயத்தன்று ஆழமான சேற்றில் நின்றுவிட்டால் கால் புதைந்துகொள்ளும். அப்போது பதறி இழுத்தால் ஷூ மட்டும் உள்ளே தங்கிவிடும். குதிகாலை முதலில் விடுவித்து மெதுவாக எடு. எல்லோரும் மிதித்துக் குழப்பிய நடுப்பாதையை விட ஓரத்தில் தரை கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

கைக்குத்தான் நாள் வேண்டும். இரண்டு மாதம் இருக்கிறது, இன்றே ஆரம்பி. பூங்காக்களில் உடற்பயிற்சிக் கம்பி வைத்திருக்கிறார்களே, அதைப் பிடித்துச் சும்மா தொங்கு. முதலில் 20 விநாடி போதும். ஒரு நிமிஷம் வந்ததும் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொங்கு. அதற்கும் அடுத்தது, கம்பியின் மேல் ஒரு துண்டைப் போட்டு அதன் இரண்டு முனையையும் பிடித்துத் தொங்குவது. உடம்பை மேலே இழுக்க வரவில்லை என்று கவலைப்படாதே, நம்மில் பலருக்கு வராது. ஒரு ஸ்டூலில் ஏறித் தாடை கம்பிக்கு மேல் இருக்கிற மாதிரி பிடித்துக்கொள். பிறகு காலை எடுத்துவிட்டு, முடிந்த அளவு மெதுவாக இறங்கு. இறங்கி இறங்கியே ஏறுகிற பலம் வரும். பள்ளியில் என் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், பலன் கண்ணால் பார்த்தது.

எங்கள் தெருக்கோடியில் சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியார் திவ்யாவுக்குச் சுழற்றிப் பழகக் கர்லாக்கட்டை கொடுத்திருக்கிறார். மணிக்கட்டுக்கும் தோளுக்கும் அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஜிம்மில் 'பர்ப்பி' என்று கூப்பிடுகிறார்களே, அது தண்டால் எடுத்து எழுந்து குதிப்பதுதான். ஸ்பார்ட்டன் பந்தயங்களில் ஒரு தடையில் தோற்றால் 30 பர்ப்பி என்பது வெகுகாலம் தண்டனையாக இருந்தது. அதனால் தண்டாலும் பஸ்கியும் (உட்கார்ந்து எழுவது) தினமும் எடு.

காசிமேட்டில் படகுக்குப் போடுகிற பழைய கயிறு வாங்கி, பள்ளி வேப்பமரத்தில் கட்டியிருக்கிறேன். கயிறு ஏறுவது கைவேலை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். கயிறு ஒரு காலின் வெளிப்பக்கமாக இறங்கி, அந்தப் பாதத்துக்கு அடியில் போய், மற்றப் பாதத்தின் மேல் வர வேண்டும். இப்போது மேல் பாதத்தால் அழுத்தினால் கயிறு பூட்டிக்கொள்ளும். அதன்மேல் எழுந்து நிற்கலாம். நின்று, கையை மேலே மாற்றி, முழங்காலை மடக்கி, மறுபடி பூட்டி நில். கை பிடித்துக்கொண்டிருந்தால் போதும், தூக்குவது கால்தான். இந்தப் பூட்டு பிடிபட்டதும் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்று என்னை முந்திக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டது. இறங்கும்போது மட்டும் சறுக்காதே, உள்ளங்கை உரிந்துவிடும்.

கனத்துக்கு அரிசிச் சிப்பம் வந்த பையில் பாதிக்கு மணல் போட்டுத் தோளில் வைத்து நட. அவ்வளவுதான்.

சுவருக்கு ஓடிவந்து ஒரு காலை இடுப்பு உயரத்தில் உதைத்து மேலே எழும்ப வேண்டும். முன்னால் பாய்ந்தால் நெஞ்சில் மோதும். எட்டாவிட்டால் கூட வருகிறவர் தொடையையோ தோளையோ கொடுப்பார். முன்பின் தெரியாதவர்கள்கூடக் கொடுப்பார்கள், கூச்சப்படாதே. முள்கம்பிக்குக் கீழே, ஓரளவு இடமிருந்தால் ஊர்வதைவிடப் பக்கவாட்டில் உருளுவது சுலபம், தலைதான் சுற்றும்.

உடுப்பு பற்றிக் கேட்டிருந்தாய். பருத்தி வேண்டவே வேண்டாம். நனைந்தால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தொங்கும், தொடையை அறுக்கும். பாலியஸ்டர் டி-ஷர்ட், முழங்காலை மறைக்கிற இறுக்கமான லெக்கிங்ஸ், நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா, சாக்ஸும் சிந்தெடிக். உரசுகிற இடமெல்லாம் வாசலின் தடவு. ஷூ, இங்கே வந்தால் பெரியமேட்டில் வாங்கலாம். அடிப்பாகத்தில் முரட்டுப் பல் இருக்க வேண்டும், மேலே வலைத்துணி. வாங்கும் முன் கடைக்காரர் என்ன நினைத்தாலும் சரி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேள். தண்ணீர் வெளியே ஓடுகிற ஷூதான் வேண்டும். கால்பந்து ஸ்டட் ஷூ வேண்டாம், நனைந்த பலகையில் வழுக்கும். புது ஷூவைப் பந்தயத்தன்று முதல்முறையாகப் போடாதே, முன்பே ஈரத்தோடு ஓடிப் பழக்கு. கையுறை வாங்கிப் பணத்தை வீணாக்காதே. சேறு பட்டால் வெறுங்கைதான் நன்றாகப் பிடிக்கும்.

நகை விஷயம். தாலிச் சங்கிலி, மெட்டி, மோதிரம், கம்மல் எல்லாம் கழற்றிவிட்டு வர வேண்டும். சங்கிலி வலையில் மாட்டினால் கழுத்துப் போகும், மோதிரம் கம்பியில் மாட்டினால் விரல் போகும். உன் மாமியார் இதற்கு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பந்தயக்காரர்களின் விதி என்று சொல்லிவிடு, சில பந்தயங்களில் அது உண்மையும்கூட.

இதைக் கொஞ்சம் கவனமாகப் படி. 2000ல் மலேசியாவின் சபாவில் நடந்த 'ஈகோ சேலஞ்ச்' பந்தயத்தில் ஆற்றில் இறங்கியவர்களில் நிறையப் பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. 2012ல் அமெரிக்காவின் நெவாடாவில் மாட்டுப் பண்ணை ஒன்றில் நடந்த தடை ஓட்டத்தில், சேற்றுத் தண்ணீரை விழுங்கியவர்களுக்கு வயிற்றுப்போக்கு. அதனால் வாயை மூடிக்கொண்டு சேற்றில் இறங்கு (உனக்கு இது கயிறு ஏறுவதைவிடக் கஷ்டம்). காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று ஓடாதே. காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம். முடிந்ததும் சிராய்ப்புகளைச் சோப்புப் போட்டுக் கழுவு. ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், சேற்றில் புரண்டதை டாக்டரிடம் முதலில் சொல். டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் இப்போதே போட்டுக்கொள்.

சாப்பாட்டுக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடந்தாய் என்றால் கை நடுங்கும். நாங்கள் ஓடிவிட்டு வரும் வழியில் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறோம், உப்பு தூக்கலாக. உங்கள் ஊர் மாதிரி இல்லை, இங்கே ஜனவரியில்கூட வேர்த்துக் கொட்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் போதாது. கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடு. முழங்கால் வலி என்று போன முறை எழுதியிருந்தாயே, அதை ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் காட்டு. சுவரிலிருந்து குதிக்க வேண்டாம், தொங்கி இறங்கு.

பந்தயம் பொங்கல் முடிந்து வருகிற ஞாயிறு. சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு. சென்ட்ரலில் இறங்கி விம்கோ நகர் போகிற மெட்ரோவில் ஏறு, தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் நான் நிற்கிறேன். நீ ஊரை விட்டுப் போனபோது மெட்ரோ இந்தப் பக்கம் வரவில்லை. இனிமேல் அந்தச் சாக்கும் செல்லாது. அன்று மதியம் அம்மா வஞ்சரம் வறுப்பாள். திட்டிக்கொண்டேதான் வறுப்பாள்.

அணியில் சேருகிறவர்கள் பெயரைக் கொடுக்க இந்த மாதக் கடைசி வரைதான் நேரம். திவ்யா மூன்று பெயர் எழுதி வைத்திருக்கிறாள், ஒன்று உன்னுடையது. டி-ஷர்ட் அளவும் கேட்கிறார்கள்: எம்மா, எக்ஸெல்லா? உண்மையைச் சொல்.

அன்புடன்,
பானு