சட்டையை விடாத கை

தோல் பதனிடும் ஷாப்பில் கழிவுத் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி விழுந்த அண்ணன் நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தோம், சாப்பிட்டார். தலைவலியும் இருமலும் இன்னும் விடவில்லை. ஆனால் எங்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அது போதும்.

நடந்தது வாணியம்பாடி முழுக்கத் தெரியும், திரும்ப எழுத மனசில்லை. மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிய தீயணைப்பு வீரர்கள், வேலூர் போய்ச் சேரும்வரை அண்ணன் முகத்திலிருந்து ஆக்சிஜனை எடுக்காத 108 தம்பிகள், டாக்டர்கள், நர்ஸ் அக்காக்கள், ஆஸ்பத்திரி வாசலிலேயே படுத்துக் கிடந்த ஷிப்ட் ஆட்கள், அண்ணியைத் தனியாக விடாத தெரு ஜனங்கள், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

டீக்கடை பாயைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

நாலு மணி டீ கொடுக்க கேனோடு வந்தவர் அவர். அண்ணன் உள்ளே சாய்ந்ததைப் பார்த்ததும் நான் ஏணியில் கால் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். திமிறினேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், கடைசியில் அவர் கையைக் கடித்தே விட்டேன். ரத்தம் வந்தது. அப்போதும் விடவில்லை. "நீயும் போயிட்டா உங்கம்மாவுக்கு யாருப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் டாக்டர் விளக்கினார். தோலில் முடி உதிரப் போடும் சல்ஃபைடு, கழிவில் ஆசிட் தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்புமாம். காற்றைவிடக் கனம், தொட்டி அடியிலேயே தங்கிவிடும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை மாதிரி நாறும். அளவு மீறினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று அன்று நினைத்தோமே, அதுதான் ஆளைக் கொல்லும் நேரம். விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் பக்கத்திலேயே விழுவார் என்றார். பாய்க்கு வாயுவின் பேர் தெரியாது. ஷாப்பு ஷாப்பாக டீ கொடுத்து நடந்தவருக்கு, பதறி இறங்கினவன் ஏறமாட்டான் என்பது தெரிந்திருந்தது.

காற்று ஊதி, வாயு அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் இனி எந்தத் தொட்டியிலும் இறங்கமாட்டேன். பக்கத்தில் நிற்பவரையும் இறங்க விடமாட்டேன். வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி.

பாய், நேற்று நீங்கள் கேனை இடது கைக்கு மாற்றித் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். வலது கையில் கட்டு இருந்தது. கூப்பிட நா எழவில்லை. மன்னித்துவிடுங்கள். அண்ணன் நடக்க ஆரம்பித்ததும் இரண்டு பேரும் கடைக்கு வருகிறோம்.