மாட்யூலைத் திருப்பி அனுப்பும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "இந்தப் பக்கம் அனுப்புது, அந்தப் பக்கம் ஒண்ணுமே வரல" என்ற சீட்டோடு கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் எச்சி-12 (HC-12), எச்சி-05 (HC-05, புளூடூத்) மாட்யூல்கள் எங்களிடம் திரும்பி வருகின்றன. எங்கள் மேசையில் மாட்டினால் அவற்றில் பல உடனே பேசிவிடுகின்றன. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்த ரேடியோ மாட்யூலைக் கழற்றி வையுங்கள். இரண்டு ஆர்டுயினோ போர்டுகளையும் மூன்று கம்பியால் இணையுங்கள்: இதன் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) அதன் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் பின்), அதன் டிஎக்ஸ் இதன் ஆர்எக்ஸுக்கு, கிரவுண்டோடு கிரவுண்டு. (ஒன்று 5 வோல்ட், மற்றது 3.3 வோல்ட் போர்டு என்றால் நேரடியாக இணைக்காதீர்கள்.) கம்பியிலேயே பேசாத போர்டுகள் காற்றில் பேசப்போவதில்லை. யூனோ ஆர்3 போர்டில் 0, 1 பின்களை யுஎஸ்பியும் பயன்படுத்துவதால் அங்கே மாட்டினால் குழப்பம்தான்; சாஃப்ட்வேர் சீரியல் (SoftwareSerial) லைப்ரரியில் 10, 11 பின்களுக்கு மாற்றுங்கள்.

கணினியின் சீரியல் மானிட்டரில் கிறுக்கல் எழுத்து வந்தால் சந்தோஷப்படுங்கள். ஏதோ வந்து சேர்கிறது, பாட் ரேட் (நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) மட்டும்தான் ஒத்துப்போகவில்லை. 8 மெகாஹெர்ட்ஸ் புரோ மினி போர்டுக்கு 16 மெகாஹெர்ட்ஸ் என்று தேர்வு செய்து புரோகிராம் ஏற்றினால், நீங்கள் எழுதிய 9600 உண்மையில் 4800 ஆகத்தான் ஓடும். நாங்களே இதில் ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறோம்.

எச்சி-12-இல் கதை வேறு. அது வரும்போதே இருக்கும் எஃப்யு3 (FU3) என்ற இயக்க நிலையில், காற்றில் போகும் வேகமும் பாட் ரேட்டைப் பொறுத்தே மாறும்: 9600-க்கு நொடிக்கு 15,000 பிட், 115200-க்கு 2,36,000 பிட். ஒரு முனை 9600, மறுமுனை 115200 என்றால் கிறுக்கல்கூட வராது, முழு மௌனம். மாட்யூல் செத்துவிட்டது என்று தோன்றுவது இங்கேதான். எச்சி-05-க்கு இந்தத் தொல்லை இல்லை. இரு முனைகளிலும் வேறு வேறு பாட் ரேட் இருந்தாலும் பேசும். ஆனால் அதன் ஆர்எக்ஸ் பின் 3.3 வோல்ட்டுக்கானது. யூனோவின் 5 வோல்ட்டை 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்துக் கொடுங்கள். எச்சி-05-இன் பட்டனை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, அமைப்புகளை மாற்றும் ஏடி (AT) கட்டளை நிலைக்குப் போனால் வேகம் 38400.

அடுத்து மின்சாரம். முழுத் திறனில் அனுப்பும்போது எச்சி-12 சுமார் 100 மில்லியாம்பியர் இழுக்கும். யூனோவின் 3.3 வோல்ட் பின் தருவதோ 50. வாங்குகிறது, அனுப்பும்போது மட்டும் படுத்துவிடுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். 5 வோல்ட்டிலிருந்து கொடுங்கள், பக்கத்திலேயே ஒரு கெப்பாசிட்டரும் போடுங்கள். இரண்டு மாட்யூலையும் ஒரே பிரெட்போர்டில் ஒட்டி வைத்துச் சோதிக்கவும் வேண்டாம். சில மீட்டர் தள்ளி வையுங்கள்.

இதற்குப் பிறகும் பேசவில்லையா? வயரிங் படம், இரு பக்கப் புரோகிராம், எதிலிருந்து மின்சாரம் கொடுத்தீர்கள் என்ற விவரம் மூன்றையும் அனுப்புங்கள். கம்பியில் பேசி, காற்றில் பேசாத மாட்யூலை மறுகேள்வி இல்லாமல் மாற்றித் தருகிறோம்.