பிரேக்கர் விழாத தீ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோவில்பட்டிக்காரன். இருபத்திரண்டு வருடமாக தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வயரிங் வேலை பார்க்கிறேன். தைப்பூசக் காவடிக்கு எங்கள் பகுதிக் கோயிலில் விளக்கும் ஒலிபெருக்கியும் என் பொறுப்பு.

இந்த வருடம் அன்னதானக் கூடத்தில் வெந்நீர் காய்ச்சும் 2400 வாட் மின்பானையை யாரோ புது எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிவிட்டார்கள். கால் மணி நேரத்தில் கருகிய வாடை. ஓடிப்போய் சுவர் சுவிட்சை அணைத்தேன். பெட்டியின் நடுப்பகுதி சூட்டில் இளகி, அப்பளம் மாதிரி பொங்கியிருந்தது. இரண்டடி தள்ளி, சாப்பாட்டு வரிசையில் குழந்தைகள் நின்றிருந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தேன். மேலே ‘16 ஆம்பியர், 250 வோல்ட்’ என்று அச்சு. உள்ளே வயர் இழையை நகத்தால் சுரண்டினால் செம்பு நிறம் உரிந்து வெள்ளை தெரிகிறது. செம்பு பூசிய அலுமினியம். பித்தளை போல மின்னிய தகட்டில் காந்தத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. வெறும் இரும்பு. இரண்டும் அசல் செம்பு, பித்தளையைவிட அதிகம் சூடேறும்.

“பிரேக்கர் இருக்கிறதே, விழாதா?” என்று கோயிலில் எல்லாரும் கேட்டார்கள். விழாது. அளவுக்கு மீறிச் சுமை ஏறினால்தான் பிரேக்கர் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். அந்தப் பானை இழுப்பது சுமார் பத்தரை ஆம்பியர். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு அது சாதாரணச் சுமை. மின்கசிவு இல்லாததால் கசிவைக் கண்டு துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்சும் சும்மாதான் இருக்கும். பெட்டிக்குள் சூடேறுவது இரண்டுக்கும் தெரியாது. அந்த இடத்தில் நம்மைக் காப்பது தகடும் வயரும் பிளாஸ்டிக்கும்தான்.

தென்னாப்பிரிக்காவில் பிளக், எக்ஸ்டென்ஷன் விற்க என்.ஆர்.சி.எஸ். என்ற அரசுக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிக் கடிதம் சட்டப்படி கட்டாயம். சோதனை அறிக்கையைப் பார்த்து அதைத் தருகிறார்கள். எஸ்.ஏ.பி.எஸ். என்ற தர நிர்ணய அமைப்பின் முத்திரை கட்டாயமில்லை, தயாரிப்பாளர் தானே விரும்பிப் பணம் கட்டி வாங்குவது. அதனாலேயே “எதற்கு வீண் செலவு?” என்கிறார்கள். ஆனால் அந்த முத்திரை வேண்டுமென்றால் தொழிற்சாலைக்கு ஆய்வாளர் வந்து பார்ப்பார், அங்கே தயாராகும் சரக்கிலிருந்து மாதிரி எடுத்துத் திரும்பவும் சோதிப்பார்கள். முதலில் நல்ல மாதிரியைக் காட்டிவிட்டு அப்புறம் செம்பைக் குறைப்பது அங்கே சுலபமில்லை. கருகிய பெட்டியில் இருந்தது ஐரோப்பிய ‘சி.இ.’ எழுத்து மட்டும். இந்த மாதிரிப் பெட்டிக்கு அது தயாரிப்பாளரே தன் சரக்குக்குக் கொடுத்துக்கொள்ளும் உறுதிமொழி.

1894-ல் அமெரிக்காவில், பொருட்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யு.எல். சோதனைக்கூடம் தொடங்கப்பட்டதுகூடச் சட்டத்துக்குப் பயந்து அல்ல. மின்சாரத்தால் தீப்பிடித்து நஷ்டஈடு கொடுத்துச் சலித்த காப்பீட்டுக்காரர்கள்தான் அதற்குக் காசு போட்டார்கள்.

முத்திரையையும் போலியாக அடிக்கிறார்கள். அதனால் கடைக்காரரிடம் அந்த முத்திரைக்கான பர்மிட் நகலைக் கேளுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

எங்கள் கோயிலில் 80 ராண்ட் பெட்டியை விட்டு 190 ராண்ட் பெட்டி வாங்கச் சம்மதித்துவிட்டார்கள். மொத்தம் எட்டு. அடுத்த காவடிக்கு ஒவ்வொன்றின் பர்மிட்டையும் நானே சரிபார்த்த பிறகுதான் கூடத்துக்குள் விடுவேன். தீபாவளி விளக்குச் சரம் வாங்கும் சமயத்தில் உங்கள் பத்திரிகையும் இதைப் பற்றி அரைப் பக்கம் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வயரிங் தொழிலாளி,
சாட்ஸ்வொர்த், டர்பன்