எண்ணெய் தொடாதவன் ஈரலில் கொழுப்பு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி தளிர்நடை போடுகிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம்.

ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’, அதாவது ஈரலில் கொழுப்பு, என்று வந்ததை எழுதிவிட்டு, “பலகாரமே தொடுவதில்லை, அப்புறம் எப்படி?” என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இதே கோளாறுள்ள ஒன்பது நோயாளிகளின் ஈரல் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அளந்தார்கள். சுமார் 59 சதவீதம் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பு, இரத்தம் வழியாக வந்தது. 26 சதவீதம் ஈரலே சர்க்கரை, மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து புதிதாகத் தயாரித்தது. சாப்பாட்டுக் கொழுப்பு வெறும் 15.

இதற்கெல்லாம் பின்னால் இருப்பது கணையம் சுரக்கும் இன்சுலின் என்ற ஹார்மோன். அது ஈரல் செல்லின் வாசலில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் ஒட்டியதும், உள்ளே ஏகேடி என்ற புரதம் விழிக்கிறது. அங்கிருந்து சமிக்ஞை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஃபாக்ஸ்ஓ1 புரதத்தை, மரபணுக்கள் இருக்கும் உட்கருவிலிருந்து வெளியேற்றி, ஈரல் சர்க்கரை தயாரிப்பதைக் குறைக்கிறது. இன்னொரு கிளை எஸ்ஆர்இபிபி-1சி என்ற புரதத்தைத் தூண்டுகிறது. அது உட்கருவுக்குள் போய், கொழுப்பு அமிலம் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களை முடுக்குகிறது.

இனிமேல்தான் விஷயமே. இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் பேச்சு சரியாக எடுபடாத நிலை, வந்த ஈரல் ஒரு காது மட்டும் கேட்காதவரைப் போல நடந்துகொள்கிறது. ‘சர்க்கரையை நிறுத்து’ என்றால் கேட்பதில்லை. ‘கொழுப்பைச் செய்’ என்றால் கேட்கிறது. சர்க்கரை ஏறுவதால் கணையம் இன்னும் இன்சுலினைக் கொட்டுகிறது, கொழுப்பும் கூடுகிறது. அமெரிக்காவின் டல்லாஸில் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் 2008இல் இந்த முரணைத் தெளிவாக எடுத்து எழுதினார்கள். கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காக 1985இல் நோபல் வாங்கிய அதே இருவர்தான். எனக்கு இன்றைக்கும் வியப்பு தீரவில்லை.

கொழுப்புத் திசுவிலும் இன்சுலின் பேச்சு எடுபடாமல் போவதால், அது கொழுப்பு அமிலத்தைப் பிடித்துவைக்காமல் விட்டுவிடுகிறது. அந்த 59 சதவீதம் பெருகுவது இப்படித்தான்.

அதனால் எண்ணெயை மட்டும் கண்காணித்துப் பயனில்லை, சேகர். டீயில் போடும் சர்க்கரையையும் மூன்று வேளைச் சோற்றையும் பார். நடக்கும்போது தசை, இன்சுலின் துணை இல்லாமலேயே இரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாயங்காலம் கண்டிப்பாக நட. மருந்து விஷயத்தில் டாக்டர் சொல்வதைக் கேள். அடுத்த ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
ராமு