பிக்கப் டயரில் சுமைக் குறியீட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூம்பாறையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டிகளுக்கு ‘ஆல் டெரெய்ன்’ (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்குமான) டயர் வாங்குவோர் பலர், அதன் மேற்பரப்பில் உள்ள முரட்டு ரப்பர் பட்டன்களை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடுகின்றனர். நானும் அப்படித்தான் வாங்கினேன். கடைக்காரரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றே மாதத்தில், முழுப் பாரத்தோடு ஒரு குழியில் இறங்கி ஏறியபோது, பின் டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்குப் புடைத்துவிட்டது. கழற்றிய பழைய டயரில் சுமைக் குறியீடு 112 என்றும், புதியதில் 104 என்றும் இருந்ததை அதன் பிறகே கவனித்தேன். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோதான்.

சேற்றுக்கென்றே வரும் ‘மட் டெரெய்ன்’ டயர் தார்ச்சாலையில் இரைச்சலிடும், டீசலையும் கூடுதலாகக் குடிக்கும் என்பதால், தோட்டத்து மண்பாதை கொஞ்சமும் மலைச்சாலை மிகுதியுமாக ஓடும் எங்களுக்கு ஆல் டெரெய்னே பொருத்தமானது. ஆனால் சுமைக் குறியீட்டையும், தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண்ணையும் (2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்) கடைகள் பில்லிலேயே எழுதித் தருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு பூண்டு விவசாயி, பூம்பாறை, திண்டுக்கல் மாவட்டம்.