மனவுறுதி குலைந்ததா என்று கேட்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘பொதுமக்களின் மனவுறுதியைக் குலைக்கும் நோக்கில் வான்வழித் தாக்குதல்’ என்ற தொடர் போர்ச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. ஊர்கள் மீது குண்டு வீசினால் மக்கள் மனம் உடையும், மக்கள் மனம் உடைந்தால் அரசு பணியும் என்பது 1921இல் இத்தாலியத் தளபதி ஜூலியோ தூவே போட்டுக் கொடுத்த கணக்கு. அதன் பிறகு நடந்த இரண்டாம் உலகப் போர் அதை மெய்ப்பிக்கவில்லை.

லண்டன் மீது 1940 செப்டம்பர் 7 முதல் 57 இரவுகள் தொடர்ந்து குண்டு விழுந்தது. மனநோயாளிகள் இலட்சக்கணக்கில் வந்து குவிவார்கள் என்று போருக்கு முன்பே கணித்திருந்தார்கள்; அப்படி நடக்கவில்லை. அதற்காக மக்கள் அஞ்சவே இல்லை என்று புகழ்வதும் அவர்களுக்குச் செய்யும் அநீதி. சுரங்க ரயில் நிலையங்களில் பதுங்குவதற்கு அரசு முதலில் இடம் தராதபோது, பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, நடைமேடையிலேயே போர்வையை விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தவர்கள் அவர்கள். பிறகு அரசுதான் இறங்கி வர வேண்டியிருந்தது.

அதே மாதம் கிழக்கு லண்டனின் கானிங் டவுன் பகுதியில் வீடிழந்த குடும்பங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கப்பட்டன. பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகப் பேருந்துகள் வரும் என்றார்கள், வரவில்லை. செப்டம்பர் 10 அதிகாலையில் அந்தக் கட்டடத்தின் மீதே குண்டு விழுந்தது. இறந்தோர் 77 பேர் என்றது அரசுக் கணக்கு. அப்பகுதி மக்கள் அதை நம்பவில்லை. குண்டைத் தாங்கிக்கொண்டவர்களுக்கும் வராத பேருந்தைப் பொறுக்க முடியவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஜெர்மனியில் 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் மூண்ட தீப்புயலில் எரிந்து, பல்லாயிரம் பேர் மாண்டார்கள். போர் முடிந்ததும் அங்கு விசாரித்த அமெரிக்க ஆய்வுக்குழு, மக்கள் உள்ளம் சோர்ந்துபோயிருந்தும் அடக்குமுறை அரசின் கீழ் தொடர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்றே பதிவு செய்தது. மனம் உடைந்தவர்களுக்கும் போரை நிறுத்தும் அதிகாரம் கையில் இல்லை.

ஆகவே, குண்டுவீச்சுச் செய்தியில் மனவுறுதியை எடைபோடுவதை விட்டுவிட்டு, அபாயச் சங்கு உரிய நேரத்தில் ஒலித்ததா, பதுங்குமிடத்தில் எல்லோருக்கும் இடம் இருந்ததா, வீடிழந்தவர்கள் அன்றிரவை எங்கே கழித்தார்கள் என்பவற்றைக் கேட்டு எழுதுமாறு தங்கள் நாளிதழை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்