அப்பாவையும் மாடுகளையும் மீட்டுக் கொடுத்த உங்கள் எல்லோருக்கும்

அப்பா இப்போது ஊன்றுகோல் பிடித்து வாசல் வரை நடக்கிறார். ஒவ்வொருவராகத் தேடிவந்து சொல்ல வேண்டிய நன்றி இது. சிலர் யாரென்றே தெரியாததால் இப்படிப் பொதுவில் எழுதுகிறோம்.

சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம். வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டியில், அய்யம்பேட்டைக்கும் பாபநாசத்துக்கும் நடுவில், விடிவதற்கு முன்னால் அப்பா வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த லோடு வண்டி மோதிவிட்டது. எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சத்தில் கண் கூசி, வைக்கோல் பாரம் தெரியவே இல்லை என்றார் அந்த ஓட்டுநர். அவர் நிற்காமல் போயிருக்கலாம். போகவில்லை. 108-க்கு முதலில் போன் போட்டவரே அவர்தான். அண்ணே, உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை.

அடுத்து, டீக்கடையிலிருந்து ஓடிவந்த பெரியவர். மோதிய வேகத்தில் வண்டியின் பின்பக்கம் சாய்ந்து, முன்பக்கம் மாடுகளுக்கு நடுவே நீளும் ஏர்க்கால் மேலே தூக்கிவிட்டது. நுகத்தடியோடு சேர்ந்து, மாட்டை அதில் பூட்டும் பூட்டாங்கயிறு இரண்டு மாட்டின் கழுத்தையும் இறுக்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் கால் சக்கரத்தடியில். எல்லோரும் அப்பாவைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தபோது, "மொதல்ல மாட்டை அவுத்து விடுங்கப்பா, அப்புறம் ஆளைத் தூக்கலாம்" என்று அதட்டினாராம். மாடு திமிறத் திமிறச் சக்கரம் அப்பாவின் கால் மேலேதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த கருக்கரிவாளால் கயிற்றை அறுத்ததும்தான் வண்டி அசையாமல் நின்றது. வண்டி கட்டிப் பழகியவருக்குத்தான் அது தோன்றும். அந்த ஒரு அதட்டலில் மூன்று உயிர் பிழைத்தது.

பைக்கில் போன ஒரு தம்பி, அப்பாவைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்க விடவில்லை. வண்டியின் ஓரத்தில் செருகியிருந்து உடைந்த முளைக்கழியைக் காலோடு சேர்த்து வைத்து, தன் துண்டால் கட்டினார். தண்ணீர் கேட்டபோது, ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லி உதட்டை மட்டும் நனைத்தாராம். தொடை எலும்பு முறிந்தால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போகலாம், கட்டாமல் தூக்கியிருந்தால் நிலைமையே வேறு என்று டாக்டர் பிறகு விளக்கினார். உதவி செய்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. நல்ல சட்டம்தான், ஆனால் அதனால் அந்தத் தம்பியின் பெயர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தம்பி, ஒரு நாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடைக்குள் கம்பி வைத்தார்கள். 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள் என்று வாசலிலேயே சொல்லி எங்கள் பதற்றத்தைக் குறைத்த நர்ஸம்மாவுக்கும், ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி.

மாடுகளை மறக்கவில்லை. வலத்து மாட்டுக்குக் கொம்பு முறிந்து ரத்தம் நிற்கவே இல்லை. 1962-க்கு அழைத்ததும் வந்த கால்நடை மருத்துவர், ரத்தத்தை நிறுத்திக் கட்டுப்போட்டு, ஈ மொய்க்காமல் மருந்து தடவச் சொல்லிக்கொடுத்தார். இடத்து மாடு மிரண்டு வயல்காட்டுக்குள் ஓடிவிட்டது. அதைப் பிடித்து, எங்கள் ஆள் வரும்வரை தன் கொட்டிலில் கட்டி, தீனி போட்ட அம்மாவுக்கு என்ன கைம்மாறு செய்ய? உடைந்த வண்டிக்கும் மாட்டுக்கும்கூட விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று சொல்லி, மனுவும் எழுதிக் கொடுத்தார் பக்கத்துத் தெரு வக்கீல் ஐயா.

கடைசியாக எங்கள் ஊர் இளைஞர்கள். ஊரில் இருக்கிற வண்டிகளுக்கெல்லாம் அவர்களே சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்கிறார்கள். வைக்கோல் ஏற்றினால் வண்டியின் பின்பலகை மறைந்துவிடும் என்பதால், பாரத்தின் பின்நுனியில் தொங்கவிட மின்னும் பட்டை தைத்த துணியும் கொடுத்திருக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்களும் கேட்டால் தைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்